வெளிநாட்டில் சமயப் பாடம்: "நீங்கள் இதை நம்புகிறீர்களா?" என்று மாணவர் கேட்டால்?

திருவாலங்காட்டான்

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவன். இந்தக் குளிர்காலப் பருவத்துக்கு ஜெர்மனியின் தென்மேற்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்திருக்கிறேன். சமயவியல் துறை. இளங்கலைக்குத் தென்னிந்தியச் சமயங்கள் பற்றிப் பொது அறிமுகம், முதுகலைக்குச் சைவ சித்தாந்தம். இரண்டும் ஆங்கிலத்தில். அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கியது.

வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

இங்கே என் சமயம் என்ன என்று முதலில் கேட்டது நகராட்சி அலுவலகம். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் குடியிருப்பைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தில் பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதினால் அடுத்து சமயம் எது என்று ஒரு கட்டம். பகீரென்றது. விசாரித்தால் அது வரிக்காக. கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ பதிந்தால், கட்டும் வருமான வரியின் மேல் 8 சதவீதம் (பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில், மற்ற இடங்களில் 9) திருச்சபை வரி. அதையும் அரசே வசூலித்துச் சபையிடம் கொடுத்துவிடும். நான் "இந்து" என்றேன். அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, வரி வாங்கும் சபை எதிலும் சேராதவர்கள் பட்டியலில் என்னைப் போட்டுவிட்டார்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அறைக் கதவில் அப்பா பெயர், மின்னஞ்சலில் அப்பா பெயர், மாணவர்கள் "ஹெர் புரொஃபசர்" போட்டுக் கூப்பிடுவதும் அப்பாவைத்தான். எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர். இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அட்டவணையில் 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் "சி.டி." என்று இரண்டு எழுத்து. நேரத்துக்குப் போய் நின்றால் ஈ காக்கை இல்லை. அந்த இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு 10.15-க்குத்தானாம், பல்கலைக்கழகப் பழைய வழக்கம். 90 நிமிடம் முடிந்ததும் எல்லோரும் முஷ்டியால் மேசையைத் தட்டினார்கள். கைதட்டலுக்குப் பதில் அதுதான். யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இனி விஷயம். முதுகலை வகுப்பில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றையும் சொல்லி, அந்தத் தளைகளில் ஒன்றான ஆணவ மலம் உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருப்பது என்பது வரை வந்திருந்தேன். ஒரு மாணவர் கையைத் தூக்கினார். "நீங்கள் இதை நம்புகிறீர்களா, இல்லை விவரிக்க மட்டும் செய்கிறீர்களா?" கேலி இல்லை. என் நெற்றியில் திருநீறு இருந்தது, அதைப் பார்த்துக் கேட்டிருப்பார். இந்த வகுப்புக்கு அந்தப் பதில் தேவைப்படாது என்று சொல்லிவிட்டு மேலே போனேன். பிறகு இங்குள்ள பேராசிரியர் ஒருவர், சரியாகச் சொன்னீர்கள் என்றார். இன்னொருவர், உங்களை வரவழைத்ததே அந்தப் பதிலுக்காகத்தானே என்று வருத்தப்பட்டார்.

வெளிநாட்டில் சமயம் கற்பித்தவர்கள், இப்படிப்பட்ட வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரைன்கரை

சார், அந்த இரண்டு பேரும் வேறு வேறு கட்டடத்துக்காரர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். முதலாமவர் உங்கள் துறை, வருத்தப்பட்டவர் இறையியல் பீடம். சரியா?

இருபது ஆண்டுக்கு மேல் இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் சுற்றுகிறவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இந்தக் கட்டட வரைபடம் தெரியாமல் இங்கே சமயம் கற்பிக்க முடியாது.

ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்க இறையியலுக்கு ஒரு பீடம், புராட்டஸ்டன்ட் இறையியலுக்கு ஒரு பீடம் உண்டு. சம்பளம் அரசுப் பணம். ஆனால் கத்தோலிக்கப் பேராசிரியரை நியமிக்கத் திருச்சபை ஆட்சேபமில்லை என்று சொல்ல வேண்டும். பள்ளியிலும் அப்படித்தான். அடிப்படைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி சமயம் அரசுப் பள்ளியில் ஒழுங்கான ஒரு பாடம், அந்தந்தச் சமய அமைப்பின் கொள்கைப்படிதான் நடத்த வேண்டும். அதற்கான ஆசிரியர்கள் உருவாவது இந்தப் பீடங்களில். ஆக, அங்கே "நீங்கள் நம்புகிறீர்களா" என்பது வேலை நிபந்தனை.

நிபந்தனை என்று சும்மா சொல்லவில்லை. 1979 டிசம்பரில் டூபிங்கன் பல்கலைக்கழகக் கத்தோலிக்க இறையியல் பேராசிரியர் ஹான்ஸ் கியூங்கிடமிருந்து ரோம் போதிக்கும் உரிமையைப் பறித்தது. போப்பாண்டவர் தவறிழைக்க மாட்டார் என்ற கோட்பாட்டை அவர் கேள்வி கேட்டிருந்தார். பல்கலைக்கழகம் அவரை அனுப்பிவிடவில்லை. அவருடைய ஆய்வு நிறுவனத்தை இறையியல் பீடத்திலிருந்து பிரித்துத் தனியாக வைத்தது, 1996-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அடுத்து கோட்டிங்கன் பல்கலைக்கழகம். புராட்டஸ்டன்ட் பீடத்தில் புதிய ஏற்பாடு கற்பித்த கெர்ட் லூடமன், தான் இனிக் கிறிஸ்தவர் இல்லை என்று 1998-இல் வெளிப்படையாகச் சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் பதவியின் பெயரை ஆதிக் கிறிஸ்தவத்தின் வரலாறும் இலக்கியமும் என்று மாற்றி, பாதிரியார்களை உருவாக்கும் படிப்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2008-இல் தோற்றார்.

உங்கள் துறை இதிலிருந்து விலகி நின்றுதான் தன் அடையாளத்தை உருவாக்கிக்கொண்டது. அதனால் அவர்களுக்கு அந்தக் கேள்வியே ஒவ்வாமை. மாணவர்களோ இரண்டு கட்டடத்திலும் பாடம் எடுக்கிறார்கள். காலையில் ஒரு இடத்தில் இயல்பாகக் கேட்கும் கேள்வியைப் பிற்பகலில் உங்களிடமும் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், இஸ்லாம், சமணம் எல்லாம் தனித்தனித் துறைகள். சைவ சித்தாந்தத் துறைக்குள் போகும் மாணவர் ஆசிரியரைப் பார்த்து "நீங்கள் சைவரா" என்று கேட்பாரா? கேட்காமலே முடிவு செய்துவிடுவார். நம் ஊர்ப் பழக்கம் அந்த எதிர்க் கட்டடத்துக்குத்தான், இறையியல் பீடத்துக்குத்தான், கிட்டே வருகிறது. உங்கள் சங்கடத்தில் பாதி இதனால் என்பது என் எண்ணம்.

மிட்வெஸ்ட் மீனா

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிய சமயங்கள் எடுக்கிறேன். நானும் வருகைப் பேராசிரியராகத்தான் வந்தேன், அப்புறம் தங்கிவிட்டேன்.

எங்களுக்கு இதில் ஒரு கோடு தெளிவாகப் போட்டிருக்கிறது. பென்சில்வேனியாவில் அரசுப் பள்ளிகளில் தினமும் பைபிள் வாசித்ததை எதிர்த்து ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. 1963-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாசிப்பு செல்லாது என்றது. கூடவே, வரலாற்றின் பகுதியாகவும் இலக்கியமாகவும் சமயத்தைப் பற்றிக் கற்பிக்கத் தடையில்லை என்றும் சொன்னது. சமயத்தைப் போதிப்பது வேறு, அதைப் பற்றிப் போதிப்பது வேறு. அதற்கப்புறம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் சமயத் துறைகள் மளமளவென்று வந்தன. என் வேலையே ஒரு வகையில் அந்தத் தீர்ப்பு போட்ட பிச்சை.

நடைமுறைக்கு வருகிறேன். இங்கே முதல் வாரம் மாணவர்கள் பாடத்தில் சேரலாம், விலகலாம். புதிய ஆசிரியர் முகம் பார்க்க வருகிறவர்கள் பாதி. அந்த வாரத்தில் நீங்கள் என்னவாகத் தெரிகிறீர்களோ, பருவம் முழுக்க அதுவாகத்தான் இருப்பீர்கள். புடவை கட்டிப் போன முதல் வாரம் யோகா கேள்வியும் தியானக் கேள்வியுமாக வந்தன. அதனால் நான் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்: உங்கள் நம்பிக்கைக்கு இங்கே மதிப்பெண் கூடாது, குறையாது, என் நம்பிக்கை தேர்வுக்கு வராது. பருவத்தின் கடைசி வகுப்பில் கேட்டால் பதில் சொல்வேன். சுவாரசியம் என்னவென்றால், கடைசி வகுப்பில் யாரும் கேட்பதில்லை.

சைவப்பித்தன்

மீனா அம்மா, மன்னிக்கணும். கடைசி வகுப்பில் கேட்காததற்குக் காரணம், அதற்குள் அவர்களுக்குக் கேட்கும் ஆசையே போய்விட்டது என்பதாகவும் இருக்கலாமே?

நம்பாதவர் சொன்னால் ஆராய்ச்சி, நம்புகிறவர் சொன்னால் பிரசாரம் என்பது எந்த ஊர் நியாயம்? திருவாலங்காட்டார் ஐயா நெற்றியில் நீறோடு போயிருக்கிறார். மாணவர் கண்ணால் பார்த்ததைத்தான் கேட்டார். "ஆமாம், எனக்கு இது வாழ்க்கை. ஆனால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, என் வாதம் சரியா என்று மட்டும் பாருங்கள்" என்று ஒரு வரி. இதைச் சொல்லத் தயங்கினால், வெட்கப்படுகிறார் என்றல்லவா அந்தப் பிள்ளைகள் நினைக்கும்? சித்தாந்த ஆசிரியர்களான மெய்கண்டாரும் அருணந்தியும் மறுதரப்பை எழுதி வைத்து மறுத்தவர்கள். தன் கட்சியைச் சொல்லிவிட்டு வாதாடுவது நம் மரபுக்குப் புதிதில்லை.

தஞ்சைக் கருஞ்சட்டை

எனக்கு இந்தக் கேள்வியே இரண்டாம்பட்சம். நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அது நல்ல சட்டம். ஜெர்மனிக்காரன் அவன் பணத்தில் என்னவோ செய்துகொள்ளட்டும்.

என் கேள்வி வேறு. சார் அங்கே நிற்கும்போது எதிரே இருக்கிறவர்களுக்கு அவர்தான் இந்து மதம். அவர் சித்தாந்தம் பேசினால் இந்து மதம் என்பது சித்தாந்தம். பதி பசு பாசத்துக்கு நடுவில் சாதி எங்கே வந்தது? சேரியில் பிறந்து கோயிலுக்கு வெளியே நின்றவர் அந்த மேடையில் இருந்தால் இதே பாடமா வரும்? உங்களை நம்பிக்கைக்காரராகப் பார்க்கிறார்களா, ஆய்வாளராகப் பார்க்கிறார்களா என்பதைவிட, ஒற்றை ஆளை ஒரு கோடானுகோடிக்குப் பிரதிநிதியாகப் பார்க்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

திருவாலங்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. ரைன்கரை அம்மா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். வருத்தப்பட்டவர் இறையியல் பீடம்தான்.

கருஞ்சட்டைத் தோழர் கேட்டது முக்கியமானது. சாதிக் கேள்வி இளங்கலை வகுப்பில் முதல் வாரமே வந்துவிட்டது. இங்கே பள்ளிப் பாடத்தில் இந்து மதம் என்றால் சாதி, பசுமாடு, மறுபிறவி, இந்த மூன்றுதான் போலிருக்கிறது. என் கருத்தைச் சொல்வதைவிட நந்தனாரைக் கொடுத்தேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் திருநாளைப்போவார் கதையை ஒரு தாளில் சுருக்கி, பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய சரித்திரக் கீர்த்தனையின் கதைச் சுருக்கம். முதலாவதில் பண்ணையார் கிடையாது. இரண்டாவதில் பண்ணையாராக ஒரு வேதியர் வந்து, வயலை விளைத்துவிட்டுப் போ என்று மிரட்டுகிறார். இரண்டிலும் தில்லையில் தீக்குளிக்காமல் உள்ளே போக முடியவில்லை. ஏன் அந்தத் தீ? அது அருளா, கொலையை மூடிய கதையா? வகுப்பில் அடிதடி விவாதம். ஒரு பெண், நீரோ நெருப்போ சுத்திகரிக்க வேண்டும் என்று கேட்பது யார், கடவுளா பூசாரியா என்று கேட்டார். அந்த 90 நிமிடமும் என் நம்பிக்கை பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லை.

சைவப்பித்தன் ஐயா, வெட்கம் இல்லை. ஆனால் நான் "ஆமாம்" என்றால் அடுத்த பத்து வாரமும் நான் சொல்வதெல்லாம் சாட்சியம் ஆகிவிடும். அதை மறுத்துப் பேச அங்கே ஒருவரும் துணிய மாட்டார்கள். மரியாதை காட்டுகிறோம் என்று வாயை மூடிக்கொள்வார்கள். மெய்கண்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை, எதிரே இருந்தவர்கள் திருப்பி அடிக்கிறவர்கள்.

டோர்ட்முண்ட் பிள்ளை

வணக்கம். நான் ஜேர்மனியில் பிறந்தவள். அம்மா அப்பா யாழ்ப்பாணம், 83-க்குப் பிறகு வந்தவர்கள். மாணவியின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கத்தோலிக்க வகுப்பு, புராட்டஸ்டன்ட் வகுப்பு என்று பிரிந்து போவார்கள். எங்கள் மாநிலத்தில் மிச்சமிருக்கிற நாங்கள் நடைமுறைத் தத்துவம் என்ற பாடத்துக்குப் போவோம். பிறகு பல்கலைக்கழகத்தில் விருப்பத்தோடு இந்து சமய வகுப்பு ஒன்று எடுத்தேன். பேராசிரியர் ஜேர்மன்காரர், நல்ல மனிதர். ஆனால் பூசை, விரதம், கோபுரம் என்று எது வந்தாலும் என் பக்கம் திரும்பி, "நீங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள்?" என்பார். எனக்குக் கற்பூரச்சட்டி எடுக்கத் தெரியும். ஏன் எடுக்கிறோம் என்று அம்மாவே வடிவாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வகுப்பில் நான் படிக்க வந்தவள் என்பது அவருக்கு நினைவிருக்கவில்லை.

சேர் இப்போது படுகிற பாடு அதுதான், மேடையில் நின்று படுகிறார். உங்கள் வகுப்பிலும் என்னைப் போல ஒரு பிள்ளை இருக்கக்கூடும். "தமிழ்ப் பிள்ளைதானே, நீ சொல்லு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தமிழில் கதைக்க வேண்டுமென்றால் வகுப்பு முடிந்த பிறகு கதையுங்கள், சந்தோசப்படும்.

கோயில் காட்ட விரும்பினால் ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு வரலாம். 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரம் நிற்கும், நம்ப மாட்டீர்கள். தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும். தீர்த்தம் அங்குள்ள கப்பல் கால்வாயில்தான்.

பழஞ்சுவடி

இந்த இழையில் இன்னும் யாரும் தரங்கம்பாடியைத் தொடவில்லையே!

திருவாலங்காட்டார் நிற்கிற இடத்தில் 300 ஆண்டுக்கு முன் நம் ஆட்களை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஜெர்மன்காரர்கள். சீகன்பால்க் என்ற பாதிரியார் 1706 ஜூலையில் டென்மார்க்காரர்களின் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மதம் மாற்ற வந்தவர், முதலில் தமிழ் படித்தார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி முடித்தார். சிவன், விஷ்ணுவோடு நிற்கவில்லை. ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி என்று கிராம தெய்வங்களுக்கு ஒரு பகுதியே உண்டு. ஊரில் பார்த்ததைக் கேட்டு எழுதினார். ஜெர்மனியில் ஹாலேயில் இருந்த மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பரப்புகிற மாதிரி எழுதுவதா என்று கிடப்பில் போட்டார்கள். அச்சேறியது 1867-இல், சென்னையில்! அவர் இறந்தது 1719.

உங்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடியது கடிதங்கள். 1712 முதல் 1714 வரை சீகன்பால்க்கும் உடனிருந்த கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அவற்றில் 99 கடிதங்கள் அச்சில் வந்தன. கடவுள் எத்தனை, பாவம் எப்படித் தீரும், பெண்கள் நிலை என்ன, வைத்தியம் எப்படி, எல்லாம் உண்டு. எங்கள் மதத்தை ஏன் ஏற்க மாட்டேன் என்கிறீர்கள் என்ற கேள்விக்கு, நீங்கள் மாட்டிறைச்சி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், ஒழுங்காகக் கழுவிக் குளிப்பதில்லை என்று முகத்துக்கு நேராகப் பதில் வருகிறது. கடவுள் ஒருவர்தான், வழிபாடு பலவகை என்று விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைக் கொடுங்கள். கேட்டவர் யார், எதற்குக் கேட்டார், பதில் சொன்னவர் எதை அடக்கி வாசித்தார், நடுவில் மொழிபெயர்த்தவர் என்ன செய்திருப்பார் என்று மாணவர்கள் தோண்டட்டும். "நீங்கள் நம்புகிறீர்களா" என்று கேட்கும் வழக்கமே எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

தஞ்சைக் கருஞ்சட்டை

இது நல்ல யோசனை. ஆனால் கடிதம் எழுதத் தெரிந்தவர்களின் குரல்தான் அதிலும் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ரைன்கரை

பழஞ்சுவடி ஐயா, ஹாலேயின் பிராங்கே நிறுவனம் அந்தக் கடிதங்கள் அச்சான பழைய அறிக்கைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

திருவாலங்காட்டார் சார், இரண்டு மூன்று நடைமுறை விஷயம், முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று மறுபடி புலம்பாமல் இருக்க. இங்கே மதிப்பெண் தலைகீழ். 1.0 தான் முதலிடம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பருவம் முடிந்தபின் மாணவர்கள் பதினைந்து பக்க அளவில் கட்டுரை எழுதித் தருவார்கள், அதற்குத்தான் மதிப்பெண். நீங்கள் பிப்ரவரியில் ஊருக்குக் கிளம்பினால் கட்டுரைகள் பின்னாலேயே வரும், கடைசித் தேதியை இப்போதே துறையில் பேசி வையுங்கள். பல இடங்களில் வருகைப் பதிவு கட்டாயம் இல்லை. நவம்பரில் கூட்டம் குறைந்தால் உங்கள் பாடம் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

சைவப்பித்தன்

எல்லாம் சரி. அந்த மாணவருக்குப் பதில்?

திருவாலங்காட்டான்

ஐயா, நேற்று அவர் என் அறைக்கே வந்தார். அங்கே சொல்லிவிட்டேன், ஆமாம் என்று. வகுப்பில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார், மேலே எழுதிய காரணத்தைச் சொன்னேன். அவருக்கு அது முழுத் திருப்தி இல்லை. அவர் புராட்டஸ்டன்ட் பாதிரியாராகப் படிக்கிறவராம், தன் பேராசிரியர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் உடனே பதில் வரும் என்றார். சரி, அங்கே "இல்லை" என்று பதில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். லூடமன் பெயரை அவரே சொன்னார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு இது போதும், வகுப்பில் என் நிலை மாறவில்லை.

அடுத்த வாரம் கடிதங்கள்தான். நாலைந்தை எடுத்துக்கொள்கிறேன். பழைய ஜெர்மன் எழுத்து எனக்குப் படிக்க வராது. மாணவர்கள் உரக்கப் படித்து எனக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும், தமிழில் அந்த ஆள் என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். கருஞ்சட்டைத் தோழர் சொன்ன எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

டோர்ட்முண்ட் மகளே, நீங்கள் சொன்ன மாதிரி ஒரு பிள்ளை வகுப்பில் இருக்கிறது. பெயர்ப் பட்டியலைப் பார்த்ததுமே தெரிந்தது, இதுவரை ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஹம்முக்கு மாணவர்களைக் கூட்டி வர ஆசை. தேர் எப்போது?

டோர்ட்முண்ட் பிள்ளை

தேர் கோடையில் சேர், அதற்குள் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாருங்கள், சனம் இருக்கும். உங்கள் பக்கமிருந்து ரயிலில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், காலையிலேயே வெளிக்கிடுங்கள். மாணவர்களோடு வருவதென்றால் கோயிலுக்கு முதலே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், உள்ளே படம் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். சப்பாத்துக் கழற்ற வேண்டும், டிசம்பர் என்றால் தடித்த காலுறை போட்டு வரச் சொல்லுங்கள்.